மணவறைச் சுவரில் ஒரு வெள்ளை மூடி

கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று வரைக்கும் கடலோரம் வாழ்கிற மனிதர்களை இரண்டே வகையாகப் பிரித்துவிடலாம். டிக் காக்காவிடம் சுவரைப் பறிகொடுத்தவர்கள். இனிமேல் பறிகொடுக்கப் போகிறவர்கள். மூன்றாவது வகை என்று யாராவது இருந்தால், அவர்கள் இன்னும் குப்பி விளக்கில்தான் குடித்தனம் நடத்துகிறார்கள் என்று அர்த்தம்.

அவருடைய சொந்தப் பெயர் அவருடைய அடையாள அட்டைக்குத் தெரியும். எங்களுக்குத் தெரியாது; எங்களுக்கு அவர் காக்கா, அதாவது அண்ணன். ஐம்பத்தெட்டு வயதிருக்கும். மெலிந்த உடம்பு, தொளதொளத்த சேர்ட், சேர்ட்டுப் பையில் எந்நேரமும் ஒரு பிடி கனெக்டர். பெட்டிக்கடையில் வெற்றிலைக்குச் சில்லறை எடுக்கப் பைக்குள் கைவிட்டால் முதலில் கனெக்டர்தான் வரும். அதைக் கடைக்காரரிடம் காட்டி ஒரு விளக்கம் கொடுத்துவிட்டுத்தான் சில்லறையைத் தேடுவார்.

அந்தக் கனெக்டரைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். கண்ணாடி போன்ற சின்னப் பெட்டி. மேலே ஆரஞ்சு நிறத்தில் இரண்டோ மூன்றோ குட்டி லிவர். லிவரைத் தூக்கி, தோலுரித்த வயரை உள்ளே விட்டு, லிவரை அமர்த்தினால் ‘டிக்’ என்று ஒரு சத்தம் வரும். வயர் பிடிபட்டுவிட்டது என்று அர்த்தம். முறுக்கத் தேவையில்லை, டேப் சுற்றத் தேவையில்லை. இதைச் சொல்ல எனக்கு ஆறு வசனம் போதும். காக்காவுக்கு அரை நாள் வேண்டும்.

வேடிக்கை என்னவென்றால், ஒரு காலத்தில் வயர் முறுக்குவதில் அவரை வெல்ல இந்தக் கரையில் ஆளில்லை. குறட்டால் இரண்டு சுற்று, விரலால் ஒரு சுற்று, கறுப்பு டேப், முடிந்தது. மேசன் பின்னாலேயே வந்து பூசிவிட்டுப் போய்விடுவார். அப்படி எத்தனையோ வீட்டுச் சுவருக்குள் தன் கைவேலையைப் புதைத்துவிட்டு நிம்மதியாக உறங்கிக்கொண்டிருந்தவர்தான்.

ஒருநாள் பகல் அவருடைய மனைவி குசினியில் நின்று, “மீன் கருகிற வாசம் வருது” என்றிருக்கிறார். அன்றைக்கு அந்த வீட்டில் மீனே வாங்கவில்லை. காக்கா சுவரைக் கொத்திப் பார்த்தார். அவரே முறுக்கிய மூட்டு. உப்புக் காற்றுப் பட்டு டேப் காய்ந்து, முறுக்குத் தளர்ந்து, செம்பு கரியாகிக் கிடந்தது.

மனிதர் மூன்று நாள் அந்தக் கருகிய செம்பைக் கையில் வைத்துக்கொண்டே திரிந்தார். நாலாம் நாள் கட்டாரில் இருந்த மருமகனுக்குப் போன் கோல் எடுத்தார். மற்ற மருமகன்மார் சொக்லட்டும் சென்ட்டும் கொண்டுவந்த அந்த வருஷம், காக்காவின் மருமகன் ஒரு சூட்கேஸ் நிறையக் கனெக்டரோடு வந்திறங்கினார். அன்று தொடங்கியது ஊருக்குச் சனி.

காக்கா தான் வயரிங் செய்த வீடுகளுக்கெல்லாம், யாரும் கூப்பிடாமலே, ஒவ்வொன்றாகப் போகத் தொடங்கினார். கூலி கேட்கமாட்டார். வாசல் கடப்படியில் நின்று ஸலாம் சொல்லிவிட்டு, “ஒங்கட ஊட்ட என்ட மூட்டு ஒம்பது இரிக்கி. மாத்தோணும்” என்பார். கடன்காரனை எப்படித் துரத்துவது என்று ஊருக்குத் தெரியும். கடன் தீர்க்க வந்தவனை எப்படித் துரத்துவது என்று யாருக்கும் தெரியவில்லை.

பள்ளிவாசலிலும் தப்ப முடியாது. தொழுகை முடிந்து முஸாபஹா செய்யக் கையை நீட்டினால், பிடித்த கையை விடமாட்டார்.

“அஸ்ஸலாமு அலைக்கும். அந்தக் குசினி மூட்டு?”

“வஅலைக்குமுஸ்ஸலாம். இன்ஷா அல்லாஹ், நோன்பு முடியட்டும் காக்கா.”

“மூட்டுக்கு நோன்பு தெரியுமா தம்பி?”

ஜும்ஆ முடிந்ததும் பக்கவாசலால் வெளியேறும் கூட்டம் கூடியதற்கு இதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. அந்தக் கூட்டத்தில் நானும் இருந்தேன்.

விநாயகபுரத்தில் ஒரு மீனவர் வீட்டுக்குக் காக்கா மோட்டார்சைக்கிளில் போயிருக்கிறார். வீட்டுக்காரர் வலையைப் போட்டுவிட்டு எழுந்து வந்து, “எங்கட ஊட்ட கரண்ட் நல்லாத்தானே இருக்கு” என்றாராம்.

“கரண்ட் நல்லாத்தான் இரிக்கி. நாந்தான் நல்லா இல்ல.”

அந்த மனிதர் வழியை விட்டார். ஆனால் வாழ்நாள் முழுக்க முடிச்சோடு வாழ்கிறவர், லேசில் நம்புவாரா? மாட்டிய வயரைப் பிடித்து, சுவரில் ஒரு காலை ஊன்றி, கரைவலை இழுக்கிற மாதிரி இழுத்திருக்கிறார். வயர் அசையவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டே, “அண்ணே, இது வலைக்குப் போடுற சைஸில கிடைக்குமோ?” என்று கேட்டாராம். காக்கா தன் வாழ்க்கையில் பெற்ற ஒரே விருது அதுதான்.

அவரிடம் இரண்டு சட்டங்கள் இருந்தன. ஒன்று, எந்த மூட்டும் சுவருக்குள் ஒளியக்கூடாது. பெட்டிக்குள் இருக்கவேண்டும், பெட்டிக்கு, திறந்து பார்க்கத் தக்கதாய் வெள்ளை மூடி வேண்டும். இதனால் அவர் போய்வந்த வீட்டுச் சுவரெல்லாம் அப்பம் ஒட்டிவைத்த மாதிரி இருக்கும். இரண்டாவது, கடைசி லிவரை வீட்டுக்காரிதான் அமர்த்தவேண்டும். ‘டிக்’ சத்தம் அவள் காதில் விழவேண்டும்.

வீட்டுக்காரி என்று சும்மா சொல்லவில்லை. எங்கள் பக்கத்தில் ஆணுக்கு வீடு கிடையாது. மகளுக்கு வீடு கட்டிக் கொடுத்து மாப்பிள்ளை எடுப்பதுதான் வழக்கம். நான் இருபத்தாறு வருஷமாக என் மனைவியின் வீட்டில் மரியாதையாகக் குடியிருக்கிறேன். வீட்டு உறுதிப் பத்திரத்தில் என் பெயர் இல்லை. அதனால்தானோ என்னவோ, காக்காவும் என்னிடம் எதையும் அமர்த்தச் சொன்னதில்லை.

சாய்ந்தமருதில் காது மந்தமான ஒரு மாமி வீடு. காக்கா லிவரை அமர்த்த வைத்து, “கேட்டதா?” என்றார். “என்ன கேட்ட?” என்றார் மாமி. தூக்கி, மறுபடி அமர்த்த வைத்தார். “கேட்டதா?” “சாப்பாடா? ஆக்கல்ல மகன்.” பதினேழு தரம் நடந்ததாகச் சொல்கிறார்கள். கடைசியில் மாமியின் விரலைக் கனெக்டரின் மேலேயே வைத்து அமர்த்தினார். மாமியின் முகம் மலர்ந்தது. “ஆ... துடிக்கிது!” என்றார். அன்றிலிருந்து அவர் டிக் காக்கா.

இனி என் வீட்டுக் கதைக்கு வருகிறேன். போன வருஷம் மூத்த மகளுக்குக் கல்யாணம். வழக்கப்படி முன்வீட்டை மகளுக்குக் கொடுத்துவிட்டு நாங்கள் பின்னால் கட்டிய இரண்டு அறைக்குள் ஒதுங்கினோம். எங்கள் பழைய அறைதான் மகளின் மணவறை. அந்தச் சுவருக்கு நிறம் தெரிவு செய்ய என் மனைவி எடுத்துக்கொண்ட நாள்கள், என்னைத் தெரிவு செய்ய எடுத்துக்கொண்டதை விடக் கூடுதல். முடிவில் பாலும் சந்தனமும் கலந்தது போல ஒரு நிறம். பூசி முடித்த அன்று அவள் சுவருக்கு முன்னால் கதிரை போட்டு உட்கார்ந்து தேத்தண்ணி குடித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை கல்யாணம். புதன்கிழமை காலை கடப்படியில் ஸலாம் கேட்டது.

“தங்கச்சி, ஒங்கட கல்யாணத்துக்கு வயரிங் செஞ்சது நாந்தான். அந்த அறைச் சுவருக்குள்ள என்ட மூட்டு ஒண்டு இரிக்கி. இப்ப ஏசி பூட்டப் போறீங்களாம். ஒரு லைட்டும் ஃபேனும் இழுக்கப் போட்ட மூட்டு, ஏசியத் தாங்காது.”

“காக்கா, கல்யாணம் முடியட்டும். சுவரையே கழட்டிக்கொண்டு போங்க. இப்ப உளியோட உள்ள வந்தா நான் மனிசியா இரிக்க மாட்டன்.”

“மூடி ஒண்டுதான் தங்கச்சி. சின்ன மூடி.”

“நிந்தவூரில இருந்து மாப்பிள்ளை ஊட்டார் வாறாங்க. மணவறையில அப்பம் ஒட்டி வெச்சிரிக்கன் எண்டு சொல்லச் சொல்றீங்களா?”

அவர் என்னைப் பார்த்தார். நான் பூவரச மரத்தைப் பார்த்தேன்.

அன்று பின்னேரமும் வந்தார். வியாழக்கிழமையும் வந்தார். உள்ளே வரவில்லை, கடப்படியில் ஒரு பிளாஸ்டிக் கதிரையைப் போட்டு இருந்துவிட்டார். கல்யாணத்துக்குப் பாத்திரம் கொண்டுவந்தவர்கள், பந்தல் போட வந்தவர்கள் எல்லாரும் அவரைத் தாண்டித்தான் உள்ளே வந்தார்கள். “அது ஆரு, மாப்பிள்ளைட வாப்பாவா?” என்று ஒருவர் என்னிடம் மரியாதையோடு விசாரித்தார். என் மனைவி மூன்று வேளையும் அவருக்குச் சாப்பாடு அனுப்பினாள். அனுமதி மட்டும் அனுப்பவில்லை.

வெள்ளிக்கிழமை காலை ஏசி பூட்டியாயிற்று. ஜும்ஆவுக்குப் போகுமுன் போட்டுவிட்டுப் போனோம். திரும்பி வந்தபோது அறை குளிரில் நுவரெலியாவாக இருந்தது. என் மனைவி வெற்றியோடு கடப்படிக்குப் போனாள்.

“வந்து பாருங்க காக்கா. ஒண்டும் ஆகல்ல. நல்லாக் குளிருது.”

காக்கா உள்ளே வந்தார். கையில் உளியில்லை. ஏசியை ஏறிட்டும் பார்க்கவில்லை. சுவரில் உள்ளங்கையை வைத்து, மெல்ல மெல்ல நகர்த்திக்கொண்டு போனார். நாங்கள் பின்னாலேயே போனோம். ஜன்னலுக்கும் அலுமாரிக்கும் நடுவே ஓரிடத்தில் கை நின்றது.

“தங்கச்சி, இவடத்த கை வைங்க.”

அவள் வைத்தாள். சுவரெல்லாம் ஜில்லென்றிருந்த அந்த அறையில், ஒரு சாண் அளவு இடம் மட்டும் சுட்டது. காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றி மாதிரி. அவள் கையை எடுத்துவிட்டு, மகள் படுக்கப்போகிற கட்டிலைப் பார்த்தாள். தலைமாடு அந்தச் சுவரோடுதான் கிடந்தது.

“உடைங்க காக்கா” என்றாள்.

மெயின் சுவிச்சை இறக்கி, அதற்குக் காவலாக என்னை நிறுத்தினார். படித்த ஆள்களை அவர் அந்த ஒரு வேலைக்குத்தான் பாவிப்பார். அங்கே நின்றபடி, திறந்த கதவால் பார்த்துக்கொண்டிருந்தேன். பாலும் சந்தனமும் பொடிப்பொடியாக உதிர்ந்தது. உள்ளே டேப் உருகி வழிந்து, செம்பு கறுத்து, பார்க்கவே பயமாக இருந்தது.

அவர் “நான் சொல்லல்லையா” என்று சொல்வார் என்று காத்திருந்தேன். நானாக இருந்தால் பேரப்பிள்ளைகள் காலம்வரை சொல்லியிருப்பேன்.

“என்ட பிழை தங்கச்சி” என்றார். “அண்டைக்கே பெட்டி வெச்சு மூடி போட்டிருக்கோணும்.”

இங்கேதான் நான் ஒரு உண்மையைச் சொல்லவேண்டியிருக்கிறது. இருபத்தாறு வருஷத்துக்கு முன், வீடு பார்க்க வந்த புது மாப்பிள்ளை ஒருவன், அதே சுவரில் காக்கா அபூர்வமாகப் பெட்டி வைக்கக் குறித்திருந்த பென்சில் வட்டத்தைக் காட்டி, “இவடத்த மூடி வந்தா வடிவில்லையே, உள்ளுக்க போட்டுப் பூசுங்க” என்று சொன்னான். எங்கள் ஊரில் கல்யாணத்துக்கு முந்திய மாப்பிள்ளையின் சொல்லுக்கு மறுசொல் கிடையாது. அந்த மாப்பிள்ளை இப்போது மெயின் சுவிச்சுக்குக் காவல் நின்றுகொண்டிருந்தான். காக்கா கதவு வழியாக ஒரு தரம் என்னைப் பார்த்தார். பார்த்துவிட்டு வயரைத் தோலுரிக்கத் தொடங்கினார். உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் கிடைத்திருக்காது. நான் மெயின் சுவிச்சை இன்னும் கவனமாகக் காத்தேன்.

(இந்தப் பத்திரிகையை என் மனைவி வாரம் தவறாமல் வாசிப்பாள். வாசகர்கள் எனக்காக துஆச் செய்யவும்.)

கருகியதை வெட்டி, புதுத் துண்டு சேர்த்து, பெட்டி வைத்து, மூன்று கனெக்டர். கடைசி லிவருக்கு என் மனைவியைக் கூப்பிட்டார்.

டிக்.

“கேட்டதா?”

“கேட்ட காக்கா” என்றாள். வெள்ளை மூடியையும் அவளே எடுத்துக் கொடுத்தாள்.

சனிக்கிழமை ஏசிக்கு மெயினிலிருந்தே தனி வயர் இழுத்துவிட்டார். மிச்ச பெயின்டால் சுவரை ஒப்பேற்றினோம். நிறம் ஒட்டவில்லை. நடுவில் வெள்ளை மூடி, முழுநிலா மாதிரி.

கல்யாணத்தன்று காக்கா புதுச் சாரன் உடுத்து வந்தார். போட்டோ எடுக்கக் கூப்பிட்டோம். “நீங்க எடுங்க, இவடத்த ஆள் வேணும்” என்று பின் விறாந்தையில் மெயின் சுவிச்சுக்குக் கீழே கதிரை போட்டுக்கொண்டார். பலர் கூடி உண்ணும் சஹன் சாப்பாட்டையும் அங்கேயே வரவழைத்து, சந்திக்கிறவர்களிடம் அவரவர் வீட்டு மூட்டை விசாரித்தபடி இருந்தார். எந்தப் படத்திலும் அவர் இல்லை.

போன மாதம் அல்பம் செய்கிறவர் படங்களைக் கொம்பியூட்டரில் கொண்டுவந்து காட்டினார். மணவறைப் படங்கள் அத்தனையிலும் மகளின் தலைக்கும் மருமகனின் தலைக்கும் நடுவே அந்த மூடி.

“மெடம், இத அழிச்சிரலாம். ரெண்டு நிமிச வேல” என்றார்.

என் மனைவி திரையில் அந்த மூடியின் மேல் விரலை வைத்தாள்.

“வேணாம் தம்பி” என்றாள். “அது எங்கட காக்கா. படத்தில இரிக்கட்டும்.”