கொய்யாவுக்கு வந்த கரும்புள்ளி

சந்திரமௌலி கொய்யாக் காயைக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார், கழற்றிவிட்டும் பார்த்தார். புள்ளி போகவில்லை. கறுப்பாக, வட்டமாக, இருப்பதிலேயே பெரிய காயில் உட்கார்ந்திருந்தது.

"ஜானு, சித்த மேல வா."

அவர் மனைவி ஜானு கையில் கரண்டியோடு மொட்டைமாடிக்கு ஏறி வந்தாள்.

"நேத்து சாயங்காலம் செக்ரட்டரி ஸ்ரீநாத்தைக் கூட்டிண்டு வந்து காமிச்சேனே, அப்ப இது இல்லை. ராத்திரிக்குள்ள வந்திருக்கு. பூஞ்சாணம்."

"ஒரே ஒரு புள்ளிதானேன்னா."

"எல்லாம் ஒரே ஒரு புள்ளிலதான் ஆரம்பிக்கும்."

அவர் பதறியதில் நியாயம் இருந்தது. மந்தைவெளியில் அந்த அடுக்குமாடிக் கட்டடத்தின் உச்சியில், நீல டிரம்களில் அவர் வளர்த்ததைக் கொய்யாத் தோப்பு என்று அவர் மட்டும்தான் சொல்வார். மற்றவர்களுக்கு அது கூரை ஒழுகக் காரணம். வருகிற ஞாயிற்றுக்கிழமை குடியிருப்போர் கூட்டத்தில், டிரம்கள் இருக்கலாமா இறங்க வேண்டுமா என்று கை தூக்கப் போகிறார்கள். அதற்கு சந்திரமௌலி ஒரு திட்டம் வைத்திருந்தார். கூட்டத்துக்கு முன்னால் வீட்டுக்கு ஒரு கொய்யா. ரசாயன மருந்தே படாத முதல் காய்ப்பு. அதைத் தின்ற வாயோடு யாரும் எதிர்த்துக் கை தூக்க மாட்டார்கள் என்று மனிதர் மனதார நம்பினார்.

ரிடையர் ஆனபிறகு அவரை யாரும் எதற்கும் தேடவில்லை. இந்த மரங்கள் மட்டும் தினமும் தண்ணீருக்காகக் காத்திருந்தன. அவற்றையும் இறக்கிவிட்டால் காலையில் எழுந்து என்ன செய்வது என்று அவருக்குத் தெரியாது.

புள்ளி விழுந்த காயை யார் வாங்குவார்கள்? போட்டோ எடுத்து மாடித் தோட்ட வாட்ஸ்அப் குழுவில் போட்டார். அன்று சாயங்காலமே தி. நகரிலிருந்து குழுவின் அட்மின் சாய்சரண் வந்துவிட்டான், பின்னால் ஒரு கும்பலோடு.

"கைய மட்டும் வெச்சுடாதீங்கோ மாமா. பூஞ்சாணம் கையில ஒட்டிண்டு அடுத்த காய்க்குப் போயிடும்."

எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு மரங்களைச் சுற்றி நின்று பார்த்தார்கள். டிரம்மில் இப்படிக் காய்த்துப் பார்த்ததே இல்லை என்றார்கள். சந்திரமௌலிக்கு, வியாதிக்கு நடுவிலும், கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்த வேலைக்காரி அன்புக்கரசி அருகில் வந்தாள்.

"யாரு சார் இவங்கள்லாம்?"

"நம்ம கொய்யாவைப் பாக்க வந்திருக்கா."

"இத்தினி பேரா?" என்று கேட்டுவிட்டு அவள் துணியோடு இறங்கிப் போனாள்.

"புளிச்ச மோர்தான் இதுக்கு மருந்து," என்றான் சாய்சரண். "தண்ணி கலந்து இலை, காய் எல்லாம் நனையற மாதிரி அடிங்கோ."

ஜானு மோர்க்குழம்புக்கு வைத்திருந்த மோர் மரத்துக்குப் போயிற்று. மறுநாள் காலை, அன்புக்கரசி மாடி பெருக்கிவிட்டுப் போனபின் வழக்கம்போல் காபி குடித்துவிட்டு ஏறிய சந்திரமௌலி அப்படியே நின்றுவிட்டார். பெரிய காய்கள் அத்தனையிலும் புள்ளி. போதாததற்கு, எறும்புகள் சாரை சாரையாக வந்துகொண்டிருந்தன.

ஸ்ரீநாத் ஒரு வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தான்.

"கொடில காய்ஞ்சிண்டிருந்தது சார். மோந்து பாருங்கோ."

"மோர்தான். இயற்கைதான்."

"ஞாயித்துக்கிழமை பேசிக்கலாம்," என்று அவன் போய்விட்டான்.

பாத்திரம் தேய்க்கும்போது அன்புக்கரசி மெதுவாகக் கேட்டாள். "கொய்யாக்கு இன்னாத்துக்கு சார் மோரு ஊத்திக்கினு கீற?"

"அதுக்கு உடம்பு சரியில்லை."

அவள் கை நின்றது. "நான் அப்பவே நெனச்சேன் சார்," என்றாள். பெற்ற பிள்ளைக்குக் காய்ச்சல் என்று கேட்டதுபோல் முகம் வாடிவிட்டது. இந்த வீட்டில் தன் கவலையைப் புரிந்துகொண்டவள் இவள் ஒருத்திதான் என்று சந்திரமௌலிக்குத் தோன்றியது.

அடுத்து, கோட்டூர்புரத்திலிருந்து வெள்ளைச்சாமியை அழைத்து வந்தார். வேளாண்மைத் துறையில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். வேடிக்கை பார்க்க அவருடைய வாக்கிங் நண்பர்களும் கூடவே வந்தார்கள். முழங்கால் வலி என்று வெள்ளைச்சாமி மாடிக் கதவருகிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"கிட்ட வந்து பாக்கலையா சார்?"

"எத்தனை தோப்பு பாத்திருக்கேன். இங்கேருந்தே தெரியுது. வேப்பெண்ணெயில சோப்புக் கரைசல் கலந்து அடிங்க."

அடித்தார். வெயில் ஏறியதும் புள்ளிகள் உருகி, காய் நெடுகக் கறுப்பாக வழிந்தன. மறுநாள் காலை பழைய புள்ளிக்குப் பக்கத்தில் புதுப்புள்ளி, முன்னதைவிடப் பெரியதாக. நேற்றுப் பூ உதிர்ந்த பிஞ்சைக்கூட விட்டுவைக்கவில்லை.

"வழியுதா?" என்றார் வெள்ளைச்சாமி போனில். "அப்ப முத்திருச்சு. காய், பிஞ்சு ஒண்ணு விடாமப் பறிச்சு, சுண்ணாம்புத் தண்ணில முக்கிப் புதைச்சிருங்க. காய் போனாலும் மரம் நிக்கும்."

சனிக்கிழமை மத்தியானம், அன்புக்கரசி வேலை முடித்துப் போனபிறகு, சந்திரமௌலி கையுறை மாட்டிக்கொண்டு பறித்தார். உறையெல்லாம் கறுப்பு அப்பிக்கொண்டது.

"பாத்தியா, எவ்வளவு பூஞ்சாணம்," என்று ஜானுவிடம் காட்டினார்.

ஜானு கோணிப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மோர் போன கோபமெல்லாம் அவளுக்கு எப்போதோ தீர்ந்துவிட்டது. "அடுத்த வருஷம் நன்னா காய்க்கும்னா."

"டிரம் இருந்தாத்தானே காய்க்கும்."

பெரிய காயைப் பறிக்கும்போது அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அதை மட்டும் சுண்ணாம்பில் போட மனமில்லாமல் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். பிறகு அதையும் போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை, கீழே கூட்டத்துக்கு நாற்காலி போடும் சத்தம் கேட்டது. கொடுப்பதற்கு ஒன்றுமில்லாமல், என்ன பேசுவது என்றும் தெரியாமல், சந்திரமௌலி சீக்கிரமே மாடிக்கு வந்து மொட்டை மரங்களுக்கு நடுவே நின்றிருந்தார்.

துடைப்பத்தோடு ஏறி வந்த அன்புக்கரசி ஒவ்வொரு கிளையாகப் பார்த்தாள். துடைப்பம் கையிலிருந்து நழுவியது. அப்படியே தரையில் உட்கார்ந்து, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"கும்பல் கும்பலா கூட்டியாந்து காட்டிக்கினு கீறியேன்னு, தெனம் காலைல ஒண்ணு வுடாம திருஷ்டிக்கு மை வெச்சேனே சார், அப்பவும் கண்ணு பட்டுப்போச்சு பாத்தியா."