மூன்றாம் ஓலையில் நான் சொன்ன தடை

திண்டுக்கல்,
ஏப்ரல் 29.

மதிப்புக்கும் அன்புக்கும் உரிய சம்பந்தி ராயப்பராஜ் அவர்களுக்கு, சிலுவைமுத்து தோத்திரம் சொல்லி எழுதுவது. இங்கே நானும் என் மனைவி இஞ்ஞாசியம்மாளும் மகள் கிளாராவும் ஆண்டவர் புண்ணியத்தில் சுகம். திருச்சியில் தாங்களும் சம்பந்தி அம்மாவும் மாப்பிள்ளையும் அப்படியே சுகமாக இருக்க வேண்டுமென்று தினமும் செபமாலையில் ஒரு பத்து மணியைத் தங்களுக்கென்றே ஒதுக்கியிருக்கிறேன். மூன்று நாளாகத் தாங்கள் போனை எடுக்கவில்லை. இருபத்தொரு தடவை அடித்துப் பார்த்துவிட்டு, கடைசியில் கடுதாசிதான் கதி என்று உட்கார்ந்துவிட்டேன். கடுதாசியை யாரும் பாதியில் கட் பண்ண முடியாது பாருங்கள்.

நம் வழக்கப்படி கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு பூசையில் பெண் மாப்பிள்ளை பெயரைக் கல்யாண ஓலையாக வாசித்து, தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று சாமியார் கேட்பார். இந்த அறுபத்தாறு வயதுக்குள் ஒருத்தரும் எழுந்து சொல்லி நான் பார்த்ததில்லை. போன ஞாயிறு நம் பிள்ளைகளின் மூன்றாவது ஓலையில், பெண்ணைப் பெற்ற தகப்பனே எழுந்து தடை சொன்னதாகத் தங்கள் காதுக்கு வந்திருக்கும். அது உண்மை. அதற்கு மேல் வந்ததெல்லாம் பொய். பெண்ணுக்கு வேறிடத்தில் மனசு என்பதும், மாப்பிள்ளைக்கு ஏதோ வியாதி என்பதும், எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்பதும் அன்று மத்தியானத்துக்குள் ஒட்டன்சத்திரம் போய், சாயங்காலம் காய்கறி லாரிகளோடு கேரளாவுக்கும் போய்விட்டன. மாப்பிள்ளை பேரில் எனக்கு ஒரு குறையும் இல்லை. நான் சொன்ன தடை வேறு. அதைப் போன மே மாதத்திலிருந்து சொன்னால்தான் விளங்கும், செத்த நேரம் பொறுத்துப் படிக்கவும்.

போன மே மாதம் என்னோடு வேலை பார்த்தவரின் மகன் கல்யாணத்துக்கு, ஒரு கிராமத்து மாதா கோவிலுக்குக் குடும்பத்தோடு போயிருந்தோம். பதினொரு மணிப் பூசை. வெயில் நாற்பத்தொன்று. கோவிலுக்குள் எட்டு மின்விசிறி. எட்டும் ஒரு பெஞ்சின் சூட்டை எடுத்து அடுத்த பெஞ்சுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தன. முதல் வாசகம் முடிவதற்குள் பத்துப் பேர் நைசாக எழுந்து போய், சுவரோரம் நிறுத்தியிருந்த கார்களுக்குள் உட்கார்ந்து, எஞ்சினை ஓட விட்டு ஏசியைப் போட்டுக்கொண்டார்கள். அந்தக் கார்கள் கக்கிய அனல் ஜன்னல் வழியாகக் கோவிலுக்குள் வந்தது. உள்ளே இன்னும் புழுங்கியது. அதனால் இன்னும் இருபது பேர் எழுந்து போய் இன்னும் ஆறேழு காரை ஓட விட்டார்கள். அந்த அனலும் உள்ளே வந்தது. பிரசங்கம் முடியும்போது பாதிக் கோவில் காலி. மோதிரம் மாற்றும்போது உள்ளே மிஞ்சியது சாமியார், பெண், மாப்பிள்ளை, அவர்களைப் பெற்றவர்கள், கோட்டுக்குள் வெந்துகொண்டிருந்த பேண்டு செட்டுக்காரர்கள், நாங்கள். எனக்குக் கோபம் வரவில்லை சம்பந்தி, சத்தியமாகச் சொல்கிறேன். பெரிய அருவியைப் பார்த்தால் வாயைப் பிளந்து நிற்போமே, அப்படி நின்றேன். அவர்களில் ஒருத்தரும் கெட்டவர் இல்லை. அவரவருக்கு வேர்த்தது, அவரவர் எழுந்து போனார்கள், அவ்வளவுதான்.

வெளியே வந்து முதல் காரின் கண்ணாடியைத் தட்டினேன். உள்ளே இருந்தது என் அக்கா மகன் பிராங்கிளின். இரண்டு விரல் அளவுக்குக் கண்ணாடியை இறக்கினான். இதைக் கொஞ்சம் அணைத்தால் கோவிலுக்குள் இருப்பவர்கள் மூச்சு விடுவார்கள் என்றேன். அவன் என்னைப் பரிதாபமாகப் பார்த்தான்.

"மாமா, ஆஃப் பண்ணுனா உள்ள சூடாயிரும்ல?" என்றான்.

கேள்வியில் தப்பே இல்லை. நான் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போதே கோவிலுக்குள் இஞ்ஞாசியம்மாள் பெஞ்சிலிருந்து சரிந்துவிட்டாள். நாலு பேர் தூக்கிவந்து அதே காரில் கிடத்தினார்கள், அதே ஏசியில்தான் அவளுக்குக் கண் திறந்தது. நல்ல வேளை, காரை அணைக்காமல் வைத்திருந்தான் என்று எல்லோரும் பிராங்கிளினைப் பாராட்டினார்கள். நானும் பாராட்டினேன். பேண்டு செட் அடுத்த பாட்டை ஆரம்பித்தது.

நான் பெரிய படிப்புப் படித்தவன் இல்லை. ஆனால் சர்க்கார் உத்தியோகத்தில் முப்பத்தொரு வருடம் தினமும் காலை எட்டரைக்கு மழைமானியைத் திறந்து, விழுந்த மழையைக் குடுவையில் ஊற்றி அளந்து நோட்டில் எழுதியவன். ஓய்வு பெற்ற பிறகும் விட மனசில்லாமல் மொட்டை மாடியில் ஒன்று வைத்திருக்கிறேன். முன்பெல்லாம் மழை சொல்லிவிட்டு வந்து நாலு நாள் தங்கிப் போகும். போன ஐப்பசியில் ஒரு மத்தியானம், ஒரு மாதத்து மழை ஒன்றரை மணி நேரத்தில் கொட்டி மானி நிரம்பி வழிந்தது. மாடியில் முழங்காலில் நின்று அதை அளந்தபோது, கோவிலில் சாமியார் நற்கருணையை உயர்த்திப் பிடிக்கும்போது வருமே, அந்த மாதிரி ஒரு நடுக்கம் வந்தது. அதற்குப் பிறகு நோட்டில் பக்கம் பக்கமாகச் சைபர்தான். சித்திரையிலும் சிறுமலை உச்சியில் ஒரு மேகமாவது உட்கார்ந்திருக்கும். இந்த வருடம் மாடியிலிருந்து தினமும் பார்க்கிறேன், காணோம். டீக்கடையில் சொன்னேன். வெயில் காலத்தில் வெயில்தானே அடிக்கும் என்று சொல்லிவிட்டு, மசால் வடை சூடாக இருக்கிறதா என்று கேட்டார்கள்.

அதனால்தான் நம் பிள்ளைகள் கல்யாணத்துக்கு மே இருபது வேண்டாம், தை மாதம் வைத்துக்கொள்ளலாம் என்று மன்றாடினேன். தவக்காலத்தில் கல்யாணம் கூடாதென்பதால் ஈஸ்டர் முடிந்ததும் ஊரே மே மாதத்தில் வந்து விழுகிறது. தையில் மண்டபம் காலியாகத்தான் கிடக்கிறது. லீவுக்கு வருகிறவர்கள் தையில் எப்படி வருவார்கள் என்று வீட்டில் சண்டைக்கு வந்தார்கள். மண்டபக்காரர் சௌகத் அலி பாயிடம் போனேன்.

"வெயில் கூடுனா நம்ம ஏசியக் கூட்டுவோம்ணே. கரண்டு போனா ரெண்டு ஜெனரேட்டர் நிக்கிது. அதுவும் நின்னா மூணாவது வரும்" என்றார்.

அவர் முகத்தில் இருந்த நிம்மதியை நான் வேறெங்கும் கண்டதில்லை. தாங்களும் போனில், அதுதான் ஏசி மண்டபமாச்சே என்று சிரித்தீர்கள். கோவிலிலிருந்து நடந்து முன்னூறு எட்டு எடுத்து வைத்தால் மண்டபம். அதற்கு முப்பது கார் ஊர்வலம் என்றீர்கள். முதல் கார் மண்டப வாசலைத் தொடும்போது கடைசிக் கார் கோவிலை விட்டே கிளம்பியிருக்காது. இதைத் தாளில் வரைந்து பார்த்து, மலைத்துப்போய் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

முதல் இரண்டு ஓலைக்கும் வாயைப் பொத்திக்கொண்டுதான் இருந்தேன். மூன்றாவதில் பக்கத்தில் இருந்த இஞ்ஞாசியம்மாளின் முகம் சிவந்து வேர்த்திருப்பதைப் பார்த்தேன், கால் தானாக எழுந்துவிட்டது. தடை இருக்கிறது சாமி என்றேன். கோவிலே திரும்பியது. என்ன தடை என்று சாமியார் மைக்கிலேயே கேட்டார்.

"வெயில், சாமி" என்றேன்.

 ஒருத்தராவது ஆமாம் என்பார்களா என்று சுற்றிப் பார்த்தேன். அத்தனை பேரும் பாட்டுப் புத்தகத்தால் விசிறிக்கொண்டே என்னை வேற்று மனிதனைப் போலப் பார்த்தார்கள். விசிறுவதை மட்டும் ஒருத்தரும் நிறுத்தவில்லை. சாமியார் தங்கமானவர், எழுத்தில் கொடுக்கச் சொன்னார். மழை நோட்டைப் பார்த்து இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தேன். முழுக்கப் படித்துவிட்டு, திருச்சபைச் சட்டத்தில் வெயிலைத் தடையாகச் சேர்க்கவில்லையே என்று வருத்தத்தோடு திருப்பிக் கொடுத்தார்.

கிளாரா அன்று கதவைச் சாத்தினவள் திங்கள் சாயங்காலம்தான் திறந்தாள். கண் வீங்கியிருந்தது.

"நீங்க சொன்னதுல தப்பு இல்லப்பா. ஆனா ஊரே சேந்து சூடாக்குனதுக்கு என் கல்யாணத்தையா நிப்பாட்டுவீங்க?" என்றாள்.

அவள் கேட்டது நியாயம் சம்பந்தி. என் பிடிவாதத்தில் என் பிள்ளை வாழ்வு கெட்டுவிடக் கூடாது. தேதி மே இருபதே இருக்கட்டும். தங்களைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்பது ஒன்றுதான்: பதினொரு மணிப் பூசையைக் காலை ஆறு மணிக்கு வைத்துக்கொள்வோம். பிள்ளைகளை முன்னால் விட்டு, அந்த முன்னூறு எட்டையும் எல்லோரும் நடந்து போவோம். கார் ஒன்று கூட வேண்டாம். என் அளவில் முடிவெடுத்துவிட்டேன். வெயிலுக்குப் பயந்து இனி உயிர் உள்ளவரை காரில் ஏறுவதில்லை. சம்பந்தி அம்மாவுக்கு எங்கள் தோத்திரம். மாப்பிள்ளைக்கும் தங்கள் வீட்டுச் சிறுசுகளுக்கும் நெற்றியில் சிலுவை வரைந்து என் ஆசீர். மாதா தங்கள் மனசை இளக்கி, போனையும் எடுக்க வைப்பாளாக.

இப்படிக்கு,
தங்கள் சம்பந்தியாக நீடிக்க விரும்பும்
சிலுவைமுத்து

பி.கு.: இதைப் போட நடந்துதான் கிளம்பினேன். மணி பதினொன்றரை. இரண்டாவது தெருவில் கண் இருட்டிக்கொண்டு வந்து ஒரு சுவரைப் பிடித்து நின்றேன். பிராங்கிளின் காரைக் கொண்டுவந்து பக்கத்தில் நிறுத்தினான், வேண்டாமென்று சொல்லத் தெம்பில்லை. இப்போது தபாலாபீஸ் வாசலில், உறையைப் பிரித்து, அந்தக் காருக்குள் இருந்துதான் எழுதுகிறேன். அவன் ஸ்பீடு போஸ்ட் வரிசையில் இடம் பிடிக்கப் போயிருக்கிறான், எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கிறது. என்னவென்று சொல்வேன் சம்பந்தி, மார்கழிக் காலையில் சிறுமலை உச்சியில் நிற்பதைப் போல இருக்கிறது. மேலே எழுதியதைத் தாங்கள் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பூசை பதினொரு மணிக்கே இருக்கட்டும். முப்பது காரும் வரட்டும். முதல் காரில் எனக்கும் இஞ்ஞாசியம்மாளுக்கும் இடம் போட்டு வைக்கவும். வெளியே ஒரு பூக்காரப் பெண், எங்கள் காரின் அனல் படுகிறதென்று மல்லிகைக் கூடையை இரண்டாம் தடவையாக நகர்த்தி வைத்துவிட்டு இந்தப் பக்கம் பார்க்கிறாள். பாவமாக இருந்தது, அணைத்துவிடலாம் என்று சாவியில் கை வைத்தேன். அணைத்தால் உள்ளே சூடாகிவிடுமே.