தொப்பிக்காரருக்கு இன்னொரு கேக்

மேலே போகவேண்டிய புகை கீழே வந்துகொண்டிருந்தது. டோரீன் ஆப்பிள்யார்ட் அடுப்புக்கு முன்னால் மண்டியிட்டு, கண்ணைக் கசக்கிக்கொண்டே, "இன்னிக்குப் பாத்துத்தானா உனக்குக் கிறுக்குப் பிடிக்கணும்?" என்று கேட்டாள். அந்தப் பழைய இரும்பு அடுப்பு பதிலுக்கு அவள் மூக்கில் இன்னும் கொஞ்சம் புகையை விட்டது.

தார்ன்வுட் மாளிகையின் சமையலறையில் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துவது அவள் வேலை. வெள்ளைத் தொப்பியும் கஞ்சி போட்ட ஏப்ரனும் மாட்டிக்கொண்டால் அவள் டோரீன் இல்லை. விக்டோரியா மகாராணி காலத்துச் சமையல்காரி மிசஸ் பிளம்ட்ரீ. வருகிற பிள்ளைகள் எல்லாம் அவளுக்குக் கீழே வேலைக்காரர்கள். வெண்ணெய் கடைவார்கள், மாவு பிசைவார்கள், திட்டு வாங்குவார்கள். வீட்டில் ஒரு டம்ளர் கழுவாத பயல்கள் இங்கே பாத்திரம் தேய்க்க அடித்துக்கொள்வார்கள். அந்தக் காட்சியைப் பார்ப்பதற்காகவே டோரீன் உயிரோடு இருந்தாள்.

இப்படிப் பாடம் நடத்தும் பழைய மாளிகைகளுக்குத் தர முத்திரை உண்டு. அதைக் கொடுக்கலாமா வேண்டாமா என்று பார்க்க ஒரு மதிப்பீட்டாளர் வருவார். போன தடவை பாடத்தின் நடுவே டோரீன் வாய் தவறி "மைக்ரோவேவ்" என்று சொல்லித் தொலைத்தாள். முத்திரை போயிற்று. இன்று மறுபடியும் வருகிறார்கள். என்ன ஆனாலும் மிசஸ் பிளம்ட்ரீயை விட்டு வெளியே வருவதில்லை என்று அவள் சத்தியம் செய்திருந்தாள்.

"இந்தத் தடவையும் கிடைக்கலன்னா நிர்வாகக் குழு இதை டீக்கடை ஆக்கிடும் டோரீன்," என்றார் மேலாளர் நைஜல் குரூச். "மேசை நாற்காலிகூடப் பாத்து வச்சுட்டாங்க."

"என் அடுப்பு மேல காப்பி மெஷினா? நான் உசிரோட இருக்கற வரைக்கும் நடக்காது!"

"முதல்ல புகையை நிறுத்துங்க. சிம்னி சுத்தம் பண்ற ஆளைக் கூப்பிட்டீங்களா?"

"காலையிலேருந்து ஊர்ல இருக்கற அத்தனை பேருக்கும் போன் பண்ணிச் சேதி விட்டாச்சு. ஒருத்தன் எடுக்கணுமே! இன்னிக்கு ஊர்ல கல்யாணமாச்சே. சிம்னிக்காரன் வந்து கை குலுக்கினாத்தான் பொண்ணுக்கு யோகமாம். எல்லாரும் சர்ச் வாசல்ல நிப்பானுங்க."

அதற்குள் பஸ் வந்துவிட்டது. பிள்ளைகள் திமுதிமுவென்று உள்ளே நுழைந்தார்கள். பின்னால் ஆசிரியை மிஸ் ஃபர்னிவால். அவளுக்கும் பின்னால் சாம்பல் நிற ஸ்வெட்டர் போட்ட ஓர் அம்மாள். பள்ளிக்கு உதவியாக இப்படி யாராவது பெற்றோர் கூட வருவது வழக்கம்தான்.

"நான் வந்து..." என்று அந்த அம்மாள் ஆரம்பித்தாள்.

"வேலைக்கு வர்ற நேரமா இது?" என்றாள் டோரீன், மிசஸ் பிளம்ட்ரீயின் குரலில். "ஏப்ரனைக் கட்டு. வெங்காயம் அந்த மூலையில இருக்கு."

"இல்லைங்க, நான் எதுக்கு வந்தேன்னா..."

"என் சமையலறையில வேலைக்காரி எதிர்த்துப் பேசறதில்ல!"

பிள்ளைகள் கெக்கெக்கே என்று சிரித்தார்கள். நாலு பேர் முன்னால் ஒருவரை மறுத்துப் பேசுவது அந்த அம்மாள் வளர்ந்த வளர்ப்பில் இல்லை போலிருக்கிறது. மன்னிப்புக் கேட்டுக்கொண்டு ஏப்ரனைக் கட்டி, வெங்காயத்தின் முன்னால் உட்கார்ந்தாள்.

அடுத்து வந்தவரைப் பார்த்ததும் நைஜல் நிமிர்ந்து நின்றார். உயரமான கறுப்புப் பட்டுத் தொப்பி. வால் வைத்த கோட்டு. அதில் ஒரு வெள்ளைப் பூ.

"பாத்தீங்களா!" என்று டோரீனின் காதில் கிசுகிசுத்தார். "மதிப்பீட்டாளர் மகாராணி காலத்து உடுப்புலயே வந்திருக்கார். மனுஷனுக்கு எவ்வளவு ஈடுபாடு!"

தொப்பிக்காரர் தொண்டையைக் கனைத்தார். "நீங்க கூப்பிட்டீங்கன்னு சேதி..."

"வாங்க சார், உக்காருங்க சார்!" நைஜல் அவரை நல்ல நாற்காலியில் அழுத்தி உட்காரவைத்துக் கையில் ஒரு துண்டு கேக்கைத் திணித்தார்.

அவர் கேக்கைக் கடித்தபடி அடுப்பைப் பார்த்தார். பிறகு மேலே சிம்னியைப் பார்த்தார். "ச்சொ ச்சொ" என்று தலையை ஆட்டினார்.

டோரீன் அவசரமாக அடுப்பை மறைத்து நின்றாள்.

"அந்தச் சிம்னி..." என்றார் அவர்.

"இன்னொரு கேக் சார்?" என்றார் நைஜல். டோரீனிடம் பல்லைக் கடித்துக்கொண்டு, "அவர் வாயைத் திறந்தா குறைதான் வரும். திறக்க விடாதீங்க," என்றார்.

டோரீன் புகை போக ஜன்னலைத் திறந்தாள். அவ்வளவுதான், காற்று உள்ளே பாய்ந்து மேசையிலிருந்த மாவை அள்ளி எல்லார் தலையிலும் கொட்டியது. மிஸ் ஃபர்னிவால் ஒரே நொடியில் கிழவியாகிவிட்டாள்.

"சமையக்காரம்மா, பனி பெய்யுது!" என்று கத்தினான் முன்பல் இல்லாத ஒரு பையன், ரூபர்ட்.

"பனியாவது மண்ணாவது! எஜமானியம்மா காசுல வாங்கின மாவுடா அது. ஒரு பொட்டு வீணாகக் கூடாது, தொடைச்சு எடுங்க!"

பிள்ளைகள் போட்டி போட்டுக்கொண்டு துடைத்தார்கள். தொப்பிக்காரர் எழுந்து, "அம்மா, அதுக்குள்ள ஏதோ கூடு கட்டியிருக்கு..." என்றார். மூன்றாவது கேக் வந்தது.

கூடா? இது சோதனைக் கேள்வி என்று டோரீனுக்குப் பட்டது. மிசஸ் பிளம்ட்ரீ என்ன செய்வாள்? துடைப்பத்தைத் திருப்பி, அதன் காம்பைச் சிம்னிக்குள் விட்டு ஒரு குத்துக் குத்தினாள்.

குச்சி, களிமண், ஆட்டு ரோமம், கரி எல்லாம் பொத்தென்று விழுந்தன. கூடவே ஒரு காக்கையும் வந்தது. அது சமையலறையைச் சுற்றிப் பறந்து, வெண்ணெயில் கால் வைத்து, நைஜலின் தோளில் தன் அபிப்பிராயத்தை விட்டுச் சென்றது. பிள்ளைகளின் சந்தோஷத்தைக் கேட்கவே வேண்டாம்.

தொப்பிக்காரர் பதறவில்லை. ஏதோ தினமும் செய்கிற காரியம்போலத் தொப்பியைக் கழற்றி, லபக்கென்று காக்கையைக் கவிழ்த்துப் பிடித்து ஜன்னல் வழியாக விட்டார்.

அந்த நேரம் பார்த்துத் தீ எச்சரிக்கை மணி அலறியது.

"அது என்ன சத்தம் சமையக்காரம்மா?"

டோரீன் வாயைத் திறந்தாள். மின்சாரம் என்று சொல்லக் கூடாது. மைக்ரோவேவின் கதி நினைவிருக்கிறது.

"எஜமானியம்மா மேலேருந்து மணி அடிக்கிறாங்க! செம கோவத்துல இருக்காங்க. ஜோடி ஜோடியா முற்றத்துக்குப் போங்க. ஓடினா சம்பளம் கிடையாது!"

இத்தனை ஒழுங்காகப் பிள்ளைகள் வெளியேறியதை மிஸ் ஃபர்னிவால் தன் வாழ்நாளில் பார்த்ததில்லை. வெங்காயக்கார அம்மாள் கடைசி ஆளாக, பிள்ளைகளின் தலையை எண்ணிக்கொண்டே வந்தாள். முகமெல்லாம் கரி, கண்ணெல்லாம் தண்ணீர். குளிரில் நின்ற பிள்ளைகளிடம், எஜமானியம்மாவுக்கு ஏன் கோபம் வந்திருக்கும் என்று டோரீன் கேட்டாள். அவர்களே கதை கட்டினார்கள். யார் விறகு சுமந்தது, யார் தூங்காமல் அடுப்பைக் காத்தது, அந்தக் காலத்தில் எட்டு வயசுப் பிள்ளை இதையெல்லாம் எப்படித் தாங்கியது என்று பேச்சு வளர்ந்தது.

"அவங்க எங்க வயசா?" என்றான் ரூபர்ட்.

"உன் வயசுதான் கண்ணு."

அவன் தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டான்.

புகை அடங்கியபின் எல்லாரும் உள்ளே வந்து கரிந்த ரொட்டியைத் தின்றார்கள். பிறகு பிள்ளைகள் பஸ்ஸைப் பார்க்க ஓடினார்கள். ரூபர்ட் மட்டும் வாசற்படியில் திரும்பி நின்று, "நாளைக்கும் வேலைக்கு வரட்டுமா?" என்றான். டோரீன் ஏப்ரனால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். இந்தத் தடவை புகையால் அல்ல.

இனி மறைக்க என்ன இருக்கிறது? நைஜல் தொப்பிக்காரர் முன்னால் கை பிசைந்தார்.

"சார், இன்னிக்கு எல்லாமே சொதப்பல்தான். ஆனா நீங்க வேண்டாம்னு எழுதிட்டா இதை டீக்கடை ஆக்கிடுவாங்க. எங்க டோரீன் உடைஞ்சு போயிடுவாங்க சார்."

"டீக்கடையா?" மூலையிலிருந்து வெங்காயக்கார அம்மாள் எழுந்தாள். "பசங்க முகத்தைப் பாத்தீங்களா? இப்படி ஒரு பாடத்தை நான் எந்த மாளிகையிலயும் பாத்ததில்ல. இதைப் போய் டீக்கடை ஆக்கவா? நான் விடமாட்டேன்!"

"உங்க அன்புக்கு நன்றிம்மா," என்றார் நைஜல் சலிப்போடு. "ஆனா இதுல உங்களுக்கு என்ன பேச்சு? முடிவு சொல்ல வேண்டியவர் இவர். சொல்லுங்க சார்."

தொப்பிக்காரர் ஏழாவது கேக்கை விழுங்கி, தொப்பிக்குள்ளிருந்த ஒரு காக்கை இறகை ஊதிவிட்டு, முதல் தடவையாக ஒரு வாக்கியத்தை முழுசாகச் சொல்லி முடித்தார்.

"இந்தத் தொப்பியும் கோட்டுமா கல்யாணத்துல கை குலுக்கப் போற வழியில உங்க சிம்னியைச் சுத்தம் பண்ணிட்டுப் போகலாம்னு வந்தவன் நான், என்னை என்னத்துக்கு சார் கேக்கறீங்க, முத்திரை குடுக்க வந்த அம்மாதான் விடமாட்டேன்னு சொல்லிட்டாங்களே?"