சனிக்கிழமைக் கோயில்

"கோயிலுக்குப் போயிட்டு வாரீங்களே, நெத்தில திருநீறு எங்கீங்க?"

வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த கதிர்வேலின் ஒரு கால் அந்தரத்திலேயே நின்றது. அவன் விரலைப் பிடித்திருந்த நான்கு வயது கிருபா, அந்தக் காலை ஆர்வமாகப் பார்த்தாள்.

"வேர்வைல அழிஞ்சுபோச்சு, அம்மணி."

"ரெண்டு பேருக்குமா?"

"புள்ளைக்கு நான் வெக்கலை. நெத்தியத் தொட்டா அவளுக்குப் புடிக்காதல்ல?"

லோகப்பிரியா புருஷனை மேலும் கீழும் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

கதிர்வேல் போனது அவிநாசிக்குத்தான். ஆனால் கோயிலுக்கு இல்லை.

கிருபாவுக்கு ஆட்டிசம் என்று கோயமுத்தூர் டாக்டரம்மா சொன்ன நாளில் ஆரம்பித்த வினை இது. இரண்டு விதமாகச் சொல்லிக்கொடுக்கலாம் என்றார் அவர். நாற்காலி மேஜை போட்டு, சின்னச் சின்னப் படியாகப் பழக்கி, செய்தால் பிடித்ததைக் கொடுப்பது ஒன்று. தரையில் உட்கார்ந்து, பிள்ளை விளையாடும் வழியிலேயே போய்ச் சொல்லிக்கொடுப்பது இன்னொன்று.

"எதுனாலும் சரி, பாப்பாவுக்குப் பிடிக்குதான்னு பாருங்க. ஊட்ல ரெண்டு பேரும் ஒரே மாதிரி நடந்துக்கோங்க" என்று அனுப்பிவைத்தார்.

சொந்த ஊரான கருமத்தம்பட்டி வந்து சேரும்வரை காரில் சண்டை.

"தறில நூல் கோக்கறதுக்கே ஒரு ஒழுங்கு இருக்குது. படிப்படியாத்தான் போகோணும்" என்றான், வீட்டை ஒட்டியே சொந்தமாக விசைத்தறிக் குடோன் வைத்திருந்த கதிர்வேல்.

"எம்புள்ள தறி இல்லீங்க. வெளையாட்டாத்தான் சொல்லித்தரோணும்."

"செரி, அப்புறம் பாத்துக்கலாம்" என்று முடித்தான் அவன்.

அந்த 'அப்புறம்' வருவதற்குள் காலம் போய்விடுமே என்று கதிர்வேல் பயந்தான். பிள்ளை இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லை. யாரிடமும் சொல்லாமல் அவிநாசியில் ஒரு நாற்காலி மேஜை வகுப்பில் சேர்த்துவிட்டான். சனிக்கிழமை மாலை வகுப்பு. வீட்டில் கோயில் என்று பெயர்.

அடுத்த வாரம் முன்யோசனையாகத் திருநீற்றுப் பொட்டலம் வாங்கி, நெற்றி முழுக்க அப்பிக்கொண்டு வந்தான். அது வேறு வம்பைக் கொண்டுவந்தது.

"இவ்வளவு பக்தியா? அடுத்த வாரம் நானும் வாரனுங்க."

"வேண்டாம் அம்மணி. கோயில்ல திருப்பணி நடக்குது. ஒரே தூசி."

"அப்பறம் புள்ளைய எதுக்குக் கூட்டிட்டுப் போறீங்க?"

"அவளுக்குத் தூசின்னா பிரியம்."

அவள் தலையாட்டிவிட்டு உள்ளே போனாள். தன் சாமர்த்தியத்தை நினைத்துக் கதிர்வேல் தானே மெச்சிக்கொண்டான்.

செவ்வாய்க்கிழமை காலை அந்தச் சந்தோஷம் போயிற்று. சோமனூரிலிருந்து லோகப்பிரியாவின் அக்கா பழனியாத்தாள் போன் செய்தாள்.

"ஏனுங்க தம்பி, லோகு போனையே எடுக்க மாட்டீங்கறா? புள்ளையப் பாக்கோணும்னு கண்ணு தேடுது. தீபாவளிக்கு வந்ததோட செரி, இந்தப் பக்கமே வரலையே."

கதிர்வேலுக்குத் தூக்கிவாரிப் போட்டது. வாராவாரம் செவ்வாய்க்கிழமை 'அக்கா ஊட்டுக்கு' என்று சொல்லிக் கிருபாவைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறுகிறாளே! கேட்டுவிடலாம்தான். கேட்டால் பேச்சு கோயிலுக்கு வந்து நிற்கும்.

மாலையில் பஸ் இறங்கி வந்தவளிடம் மெல்லப் போட்டுப் பார்த்தான். "அக்கா நல்லா இருக்காங்களா?"

"ம். உங்களையும் கேட்டாங்க."

"அப்படியா? ரொம்பப் பாசம்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள்.

வீட்டிலும் பயிற்சி கொடுத்தால் சீக்கிரம் பலன் வரும் என்று ஒரு குட்டி நாற்காலி வாங்கிவந்தான் கதிர்வேல். "உக்காரு கண்ணு" என்று உலர்திராட்சையைத் தூக்கிக் காட்டினான். அதைப் பார்த்த லோகப்பிரியா, பதிலுக்குத் தரையில் குப்புறப் படுத்து நூல்கண்டை உருட்டினாள். கிருபா நாற்காலியைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். இரண்டும் வேண்டாமென்று நடந்துபோய், தறிக்குடோன் பக்கத்துச் சுவரில் உள்ளங்கையைப் பதித்து நின்றாள். தறி ஓடும்போது அந்தச் சுவர் அதிரும். அதில் அவளுக்குக் கொள்ளை ஆசை.

ஞாயிற்றுக்கிழமை கரண்ட் போனது. தறிகள் நின்றன. சுவரும் நின்றது. கிருபாவின் முகம் வாடிப்போயிற்று.

பொறுக்கமாட்டாமல் கதிர்வேல் சுவரில் கைமுட்டியால் தட்டினான். டடக், டடக். பிள்ளை கலகலவென்று சிரித்தாள். கை வலித்து நிறுத்தினான்.

கிருபா திரும்பினாள். இரண்டு கைகளின் விரல்களையும் குவித்து, ஒன்றோடொன்று தட்டினாள். தட்டிவிட்டு அவன் முகத்தையே பார்த்தாள்.

கதிர்வேலுக்குக் கண்ணில் நீர் முட்டியது. "இன்னும்! இன்னும் வேணும்னு கேக்கறா! எங்க டீச்சர் சொல்லிக் குடுத்தது!"

"இல்லீங்க, எங்க டீச்சர் சொல்லிக் குடுத்தது!" என்று அழுதுகொண்டே ஓடிவந்தாள் லோகப்பிரியா.

இருவரும் அப்படியே நின்றார்கள்.

"எந்த டீச்சர்?"

"நீங்க சொல்லுங்க, எந்த டீச்சர்?"

கிருபா மறுபடி விரல்களைத் தட்டினாள். கதிர்வேல் மறுபடி சுவரைத் தட்டினான். தட்டிக்கொண்டே அவிநாசியை ஒப்புக்கொண்டான். லோகப்பிரியாவும் ஒரு பக்கம் தட்டிக்கொண்டே, கோயமுத்தூரில் செவ்வாய்க்கிழமைகளில் நடக்கும் விளையாட்டு வகுப்பை ஒப்புக்கொண்டாள்.

"எங்க டீச்சர் கறாரு. அவங்க கண்டிப்புலதான் வந்துது" என்றான் அவன்.

"எங்க டீச்சர் தங்கமானவங்க. கொரலே ஒசராது. அந்தப் பிரியத்துலதான் வந்துது."

"செரி, சனிக்கெழம வந்து எங்க டீச்சரப் பாரு. அப்பறம் பேசு."

சனிக்கிழமை மூன்று பேரும் அவிநாசி போனார்கள். வகுப்பு அறைக் கதவைத் திறந்துகொண்டு ஓர் இளம்பெண் வந்தாள். கிருபா அப்பாவின் விரலை உதறிவிட்டுப் போய் அவள் விரலைப் பிடித்துக்கொண்டாள்.

"இவங்கதான் எங்க செவ்வந்தி டீச்சர்" என்று கதிர்வேல் நெஞ்சை நிமிர்த்தினான்.

லோகப்பிரியா வாய் பிளந்து நின்றாள். "ஏனுங்க... இவங்கதானுங்க எங்க டீச்சர்!"

செவ்வந்தி டீச்சர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நீங்க ரெண்டு பேரும் பேசி வெச்சுத்தான் ரெண்டு பக்கமும் அனுப்பறீங்கன்னு நெனச்சு, கோயமுத்தூர்ல பாய்லயும் இங்க நாற்காலிலயும் ஒரே பாடத்தைத்தானுங்க நடத்திட்டு இருக்கறேன்!"