கோதண்ணையின் பன்னிரண்டு துவாய்கள்

பலெர்மோ நகரத்திலேயே மாதுளம்பழத்தை அடுத்தவருக்குக் கொடுத்துவிட்டு அதன் கோதைப் பொன்போலப் பொத்திவைத்த ஒரே மனிதர் எங்கள் கோதண்ணைதான். மன்னாரிலிருந்து வந்தவர். சொந்தப் பெயர் அவருடைய பெர்மெஸோ என்ற வதிவிட அனுமதிக் கடதாசியில் மட்டும் இருந்தது.

தொண்ணூறுகளில் ஒரேத்தோ தெருவில் ஒரே வீட்டில் ஆறு பேர் இருந்தோம். அண்ணை காலையில் பணக்காரர் வாழும் லிபெர்த்தா தெருவில் ஒரு சிஞ்ஞோரா அம்மா வீட்டில் நிலம் துடைப்பார். வேலை முடிந்ததும் வுச்சீரியா சந்தைக்குப் போய்ச் சாக்கு நிறைய மாதுளங்கோதும் வெங்காயத்தோலும் அள்ளிவருவார். அவர் ஆடு வளர்ப்பதாக நம்பிய கடைக்காரர் ஒருவர் ஆட்டைச் சுகம் விசாரிப்பார். அண்ணையும் நன்றாகத் தின்கிறது என்று சொல்லிவைப்பார்.

அவருடைய வெறியெல்லாம் நஞ்சில்லாத சாயத்தில் பருத்தித் துணிக்கு அச்சடிப்பது. கோது அவித்த தண்ணீரில் துணியை ஊறவைத்துக் காயப்போடுவார். துருப்பிடித்த ஆணி ஊறிய வினாகிரியில் மாப்பசை காய்ச்சி, பழப்பெட்டிப் பலகையில் செதுக்கிய அச்சால் குத்துவார். மஞ்சள் துணியில் கரும்பூ எழும்பும். அப்போது அவர் போடும் சத்தத்தில், இத்தாலி கோல் அடித்துவிட்டதென்று பக்கத்து வீட்டார் ஜன்னலைத் திறப்பார்கள்.

"தோலிலை உரசிற துணியடா! அதுக்கு நஞ்சு பூசலாமே?"

"பூச வேண்டாம் அண்ணை. ஆனா நீங்கள் கோது அவிக்கிறது எங்கடை சொதிச்சட்டியிலை!"

ஒருநாள் அந்தச் சட்டியில் இருந்ததை ரசம் என்று நினைத்துச் சோற்றில் ஊற்றிவிட்டேன். துவர்ப்பில் நாக்கு ஒட்டிக்கொண்டு இரண்டு நாள் கதைக்க முடியவில்லை. வீடு நிம்மதியாக இருந்தது என்று மற்றவர்கள் சொன்னார்கள். ஆனாலும் சாய வேலை வெளியே போகவேண்டும் என்று முடிவாயிற்று.

அண்ணை நாங்கள் பூசைக்குப் போகும் கத்தோலிக்கக் கோவிலின் பின்னறையைக் கேட்டுப் போனார். அந்த அறை அலுமாரியில்தான் பூசை உடுப்புகள் இருந்தன. சாயம் பட்டுவிடுமோ என்று இத்தாலியப் பாதிரியாரான சுவாமிக்குப் பயம். பெரிய வியாழனன்று பாதம் கழுவும் சடங்கில் கால் துடைக்கப் பன்னிரண்டு துவாய் அச்சடித்துத் தரவேண்டும், ஒரு காலிலும் சாயம் ஒட்டாவிட்டால் அறை அண்ணைக்கு என்றார். ஒட்டினால் அச்சுவேலைக்கே மங்களம்தான்.

சடங்குக்கு முதல்நாள் அண்ணை துள்ளிக்கொண்டு வந்தார்.

"டேய், இன்னொரு வித்தையும் செய்திருக்கிறன்! சவர்க்காரத் தண்ணியிலை தோய்ச்சு, பிறகு படிகாரத்திலை தோய்ச்சனான். இனி ஊத்தை ஒட்டாது. தண்ணி முத்து முத்தாய் உருண்டோடும்!"

எனக்குப் புல்லரித்துவிட்டது. தண்ணீர் ஒட்டாத துவாயால் என்ன பயன் என்று எங்கள் ஆறு பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

கால் நீட்டிய பன்னிரண்டு பேரில் நான்தான் முதல் ஆள். சுவாமி முழந்தாளிட்டு என் காலைக் கழுவித் துடைத்தார். தண்ணீர் காலிலிருந்து துவாய்க்கும் துவாயிலிருந்து காலுக்கும் உருண்டது. அடுத்த துவாயை எடுத்தார். அதுவும் அப்படியே. பாடகர் குழு அதே பாட்டை மூன்றாம் முறை தொடங்கியது. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. தற்செயலாக அண்ணையின் முகத்தைப் பார்த்தேன். அதற்குப் பிறகு சிரிப்பு வரவில்லை.

அண்ணை எழுந்து வந்தார். உடுத்தியிருந்த சட்டையைக் கழற்றினார். அதுவும் அவர் அச்சடித்ததுதான், ஆனால் படிகார வித்தை படாதது. பெனியனோடு முழந்தாளிட்டு அந்தச் சட்டையால் என் காலைத் துடைத்தார். சுவாமி கழுவக் கழுவ அண்ணை துடைத்துக்கொண்டே போனார். பன்னிரண்டாவது காலும் முடிந்தபின், குனிந்து எங்கள் கால்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பூசை நடப்பதையே மறந்து கத்தினார்.

"சுவாமி! வந்து பாருங்கோ! ஒரு பொட்டுச் சாயம் இறங்கேல்லை!"

தமிழ் தெரியாத சுவாமியும் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தவர் பூசை முடியும்வரை பொறுக்கவில்லை. அறை உனக்குத்தான் என்று அங்கேயே சொல்லிவிட்டார். கோவிலே கைதட்டியது.

வெளியே நல்ல குளிர். ஈரச் சட்டையைக் கொடிபோல் பிடித்துக்கொண்டு பெனியனோடு நடந்தவருக்கு என் கோட்டைப் போட்டுவிட்டேன். "இது பொலியெஸ்டரடா!" என்று வழிநெடுகத் திட்டினார். கழற்றிவிடாதபடி அவர் தோளில் கை போட்டுக்கொண்டே வீடுவரை நடந்தேன்.