ஆமையோட்டுப் பேனாவும் அதன் ஜோடியும்

பால்பாயின்ட் பேனாவால் போடப்படும் எதுவும் கையெழுத்தாகாது, அது ஒரு விபத்து மட்டுமே என்பது நிப்பு சாரின் தீர்ப்பு. மனித நாகரிகம் மைப்புட்டியில் தொடங்கி ரீபிளில் முடிந்துவிட்டது என்று அவர் நம்பினார். நம்பியதோடு நிற்காமல் எல்லோரிடமும் சொல்லியும் வந்தார். இன்று அதை வங்கியின் லாக்கர் பிரிவில், மேஜையோடு நூல் போட்டுக் கட்டியிருந்த ஒரு நீலப் பேனாவைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"ஏன் தம்பி, இதை எதுக்குக் கட்டிப் போட்டிருக்கீங்க? கடிக்குமா?"

"எடுத்துட்டுப் போயிடறாங்க சார்," என்றார் லாக்கர் அதிகாரி. வேலைக்கு வந்து நான்கு மாதம் ஆன இளைஞர். சட்டையில் மடிப்புக் கலையவில்லை, விதிப்புத்தகத்தில் நம்பிக்கை குலையவில்லை.

"இதையா? அடுத்தவன் பால்பாயின்டைப் பையில சொருகிட்டுப் போற பிறவியும் இருக்கா? திருடறதுக்கும் ஒரு தரம் வேண்டாமா?"

வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த தலை நரைத்த பியூன், பேனாவின் பின்பக்கத்தைக் கடித்துக்கொண்டே நிமிர்ந்து பார்த்தார். கடிப்பது அவர் வழக்கம். வாயில் பேனா இல்லாத நேரத்தில் அவரை யாரும் பார்த்ததில்லை.

"அப்பா, கையெழுத்தைப் போடுங்க," என்றாள் மகள். "மணி ரெண்டே முக்கால்."

அவள் அவசரம் நியாயமானது. அவளுடைய பட்டச் சான்றிதழ் லாக்கருக்குள் இருந்தது. அதன் அசலை மாலை ஐந்து மணிக்குள் காட்டாவிட்டால், கிடைத்த வேலை பட்டியலில் அடுத்திருப்பவருக்குப் போய்விடும் என்று காலையில்தான் தொலைபேசியில் சொன்னார்கள். லாக்கர் பிரிவை நான்கு மணிக்குப் பூட்டிவிடுவார்கள். வழக்கமாக வங்கிக்கு வருவது அம்மா. அம்மா ஊரில் இல்லை. அப்பா இந்த வங்கியில் கடைசியாகக் கையெழுத்துப் போட்டது பத்தொன்பது வருடங்களுக்கு முன், கணக்குத் தொடங்கிய அன்று.

நிப்பு சார் சட்டைப் பையிலிருந்த மூன்று பேனாக்களில் கறுப்பை எடுத்தார். மூடியை நிதானமாகத் திருகித் திறந்தார். மூன்று சுழி, ஒரு வால், கடைசியில் ஒரு புள்ளி. போட்டுவிட்டுத் தலையைச் சாய்த்து அழகு பார்த்தார்.

அதிகாரி மாதிரிக் கையெழுத்து அட்டையைத் தன் பக்கமாக மறைத்து வைத்துக்கொண்டு ஒப்பிட்டார். "சேரலை சார்."

"எது சேரலை?"

"எதுவுமே. அட்டையில இருக்கறது ஒல்லியா இருக்கு. இது கொழுகொழுன்னு இருக்கு."

"அது நிப்போட உடம்பு தம்பி, என்னோடது இல்ல. இருங்க, மெல்லிசு நிப்புல போடறேன்."

இரண்டாவது பேனாவில் போட்ட கையெழுத்து ஒல்லியாகத்தான் வந்தது. ஆனால் வால் துள்ளிப் போய் அடுத்த கட்டத்தில் வேறொருவர் பெயரைத் தொட்டது. அதிகாரி உதட்டைப் பிதுக்கினார்.

மூன்றாவது பேனா எழுதவே மறுத்தது. நிப்பு சார் அதை ஒரு உதறு உதறினார். எழுதுவதற்கு மனமில்லாத மைக்குப் பறப்பதற்கு மனமிருந்தது போலும். மை பதிவேட்டில் அன்றைக்கு வந்த ஏழு பேர் கையெழுத்தின் மேலும், அதிகாரியின் மடிப்புக் கலையாத சட்டையின் மேலும் பாரபட்சமில்லாமல் விழுந்தது.

"சார்!"

"துவைச்சாப் போயிடும் தம்பி. பால்பாயின்ட் கறைதான் போகாது."

மகள் கண்ணை மூடித் திறந்தாள். "அப்பா, அன்னைக்கு எதுல போட்டீங்கன்னு ஞாபகம் இருக்கா?"

"இதென்ன கேள்வி? ஆமையோட்டுப் பேனா!"

அந்தக் கதை அவளுக்கு மனப்பாடம். கணக்குத் தொடங்க வந்த அன்று காலை, எதிர்த் தெருவில் ஒரு பழைய சாமான் கடையில் அதைப் பார்த்தார். ஆமையோடு மாதிரி பழுப்பும் மஞ்சளும் குழைந்த உடம்பு, தங்க நிப். வாங்கிப் பையில் சொருகிக்கொண்டு நேரே இந்த வங்கிக்கு வந்தார். கதையின் உச்சம் இனிமேல்தான். வீட்டுக்குப் போய்ச் சட்டையைக் கழற்றினால் பையில் இரண்டு பேனாக்கள்! அதே நிறத்தில், அதே அளவில் ஒரு பால்பாயின்ட். ஜோடியாக விற்க வேண்டியதை விவரம் தெரியாத கடைக்காரன் சேர்த்துக் கொடுத்துவிட்டான் என்று நிப்பு சார் பத்தொன்பது வருடங்களாகப் பெருமைப்பட்டு வந்தார். பால்பாயின்டை அவர் தொடுவதில்லை. பெண்ணோடு வந்து வீட்டில் தங்கிவிட்ட மைத்துனன் மாதிரி அது வெல்வெட் பெட்டியில் பக்கத்துக் குழியில் கிடந்தது. ஆனாலும் ஜோடி ஜோடிதான். பேனா சேகரிப்போர் சங்கத்தில் அதன் பின்பக்கத்திலிருந்த சின்னச் சின்னப் பள்ளங்களைப் பற்றி நாற்பது நிமிடம் உரையாற்றியிருக்கிறார். 'வழுக்காமல் பிடிக்க ஆலையிலேயே கையால் செதுக்கிய அபூர்வ வேலைப்பாடு' என்ற அவருடைய முடிவைச் சங்கம் கைதட்டி ஏற்றுக்கொண்டது.

"வீட்டுக்குப் போய் எடுத்துட்டு வந்துடலாம்," என்றார் இப்போது.

மகள் ஸ்கூட்டரை விரட்டினாள். பெட்டியோடு திரும்பி வந்தபோது மூன்று இருபது.

ஆமையோட்டுப் பேனா காய்ந்து கிடந்தது. வெதுவெதுப்பான தண்ணீரில் நிப்பை ஊறவைக்காமல் மை ஊற்றுவது பாவம் என்றார் நிப்பு சார். குடிதண்ணீர் இயந்திரத்தில் ஒரு காகிதக் கோப்பையை நிரப்பி, பேனாவை அதில் நிறுத்தி, கோப்பையை அதிகாரியின் மேஜை ஓரத்தில் வைத்தார்.

"எவ்வளவு நேரம்பா?"

"அது மனசு வைக்கணும். அவசரப்படுத்தினா நிப்புக்குக் கோபம் வரும்."

"எனக்கும் வரும்."

ஐந்து நிமிடம் கழித்து, காய்ந்த மை கரைந்து தண்ணீர் நீலமானதும், பேனாவை எடுத்துத் துடைத்தார். வீட்டிலிருந்து கொண்டுவந்த மைப்புட்டியைத் திறந்து பேனாவுக்கு உறிஞ்சக் கொடுத்தார். அந்த நேரத்தில்தான் இன்னொரு உறிஞ்சலும் கேட்டது. புதிய பதிவேட்டுப் பக்கத்தில் கோடு போட்டுக்கொண்டிருந்த அதிகாரி, தலை நிமிராமலே கையை நீட்டித் தன் கோப்பை என்று நினைத்து இந்தக் கோப்பையை எடுத்துக் குடித்துவிட்டிருந்தார்.

"ஐயோ!" என்றார் நிப்பு சார். "அது ராயல் நீலம். இப்பக் கிடைக்கறதே இல்ல."

அதிகாரி வாயைத் திறந்தார். பல், நாக்கு, உதடு எல்லாம் ஒரே நிறத்தில் இருந்தன. அந்த வாயால் அவர் சொன்னார்: "நீங்க திங்கக்கிழமை வாங்க சார்."

"தம்பி, இந்த ஒரு தடவை போட்டுப் பாத்துடறேன்." அனுமதிக்குக் காத்திராமல் ஆமையோட்டுப் பேனாவால் போட்டார். தங்க நிப் குழைந்தது. சுழிகள் மிதந்தன. அவர் வாழ்நாளில் போட்ட கையெழுத்துகளிலேயே அழகானது அதுதான்.

"சேரலை," என்றது நீல வாய்.

சத்தம் கேட்டு மேலாளர் அம்மாள் வந்துவிட்டார். அதிகாரியின் வாயைப் பார்த்தார். கேட்க வேண்டிய கேள்வியைப் பிறகு கேட்பதென்று முடிவு செய்தவர் போல அட்டையைக் கையில் வாங்கினார். முன்பக்கம் பார்த்தார். திருப்பிப் பின்பக்கத்தை விரலால் தடவினார்.

"சார், இது அழுத்திப் போட்ட கையெழுத்து. பின்னாடி புடைச்சிருக்கு பாருங்க. இது பால்பாயின்ட்."

நிப்பு சார் அட்டையைப் பறிக்காத குறையாக எட்டிப் பார்த்தார்.

"இருக்கவே முடியாது," என்றார் நிப்பு சார். "நான் பிறந்ததுலேருந்து பால்பாயின்ட்ல கையெழுத்துப் போட்டதில்ல. யாரோ மாத்தி வச்சிருக்காங்க மேடம். இது போலி!"

"நிச்சயமாச் சொல்றீங்களா?"

"அடிச்சுச் சொல்றேன்."

"அப்படின்னா," என்று மேலாளர் வருத்தத்தோடு சொன்னார், "லாக்கரை சீல் வச்சுட்டு மேலிடத்துக்கு எழுதணும். விசாரணை முடிய எப்படியும் மூணு மாசம் ஆகும். அதுவரைக்கும் உங்க வீட்டம்மாகூடத் திறக்க முடியாது. தம்பி, அரக்கை எடுங்க."

நீல வாய் முதல் தடவையாகச் சிரித்தது. அரக்கும் மெழுகுவர்த்தியும் மேஜைக்கு வந்தன. மணி மூன்று ஐம்பது.

மகள் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவர் எதிர்த்துக் கத்தியிருப்பார். அவள் சாதாரணமாகக் கேட்டாள்: "அப்பா, பழைய சாமான் கடையில வாங்கின பேனாவுல மை ஊத்தியா குடுத்தாங்க?"

நிப்பு சார் ஆமையோட்டுப் பேனாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"காலையில வாங்கி நேரா இங்க வந்தேன்னு சொல்வீங்களே. இப்பவே அதை ஊறவைக்க இவ்வளவு பாடு. அன்னைக்கு எதுலப்பா போட்டீங்க?"

"வேற பேனா... பையில... இருந்திருக்கும்."

"இருந்துச்சா?"

அவருக்கு ஞாபகமில்லை. அட்டை மட்டும் எல்லாவற்றையும் ஞாபகம் வைத்திருந்தது. அதிகாரி தீக்குச்சியைக் கிழித்தார். மகள் தன் கைக்கடிகாரத்தைக்கூடப் பார்க்காமல் அப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான்காம் வகுப்பில், வீட்டுப்பாடத்தை அவருடைய மைப்புட்டி நனைத்த அன்றும் இப்படித்தான் பார்த்தாள்.

நிப்பு சார் வெல்வெட் பெட்டியைத் திறந்தார். பக்கத்துக் குழியில் கிடந்த மைத்துனனை எடுத்தார்.

"இது பத்தொன்பது வருஷமா எழுதினதே இல்ல," என்றார் தாழ்ந்த குரலில். "காஞ்சு போயிருக்கும்."

"இல்லப்பா. போன மாசம்தான் புது ரீபிள் போட்டேன். அம்மா குறுக்கெழுத்துப் போடறதே இதுலதான். நீங்க வேலைக்குப் போனதும் எடுப்பாங்க, வர்றதுக்குள்ள வச்சுடுவாங்க."

நிப்பு சார் சுற்றிலும் ஒருமுறை பார்த்தார். சங்கத்து ஆட்கள் யாரும் இல்லை. பதிவேட்டின் மேல் குனிந்து, இடது கையால் மறைத்துக்கொண்டு, பரீட்சையில் காப்பியடிப்பவன் மாதிரி கையெழுத்துப் போட்டார். மூன்று சுழி, ஒரு வால், ஒரு புள்ளி. எல்லாம் ஒல்லியாக, அழுத்தமாக, அழகில்லாமல் வந்தன.

அதிகாரி அட்டையைப் பக்கத்தில் வைத்தார். குனிந்தார். தீக்குச்சியை ஊதி அணைத்தார்.

"அச்சு அசல்," என்றது நீல வாய்.

மூன்று ஐம்பத்தேழுக்கு லாக்கர் திறந்தது. மகள் சான்றிதழை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "ஓடிடலாம்ப்பா," என்று ஸ்கூட்டரை நோக்கிப் பறந்தாள்.

நிப்பு சாருக்கும் அங்கே நிற்க விருப்பமில்லை. வெல்வெட் பெட்டியை அக்குளில் இடுக்கினார். கையிலிருந்த பால்பாயின்டைப் பெட்டியில் வைக்க நேரமில்லாமல், தன்னை அறியாமலே சட்டைப் பையில் சொருகிக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் வாசலைத் தாண்டினார்.

ஸ்டூலிலிருந்து எழுந்து குறுக்கே வந்து நின்ற பியூன், வாயிலிருந்த பேனாவை எடுத்துவிட்டு, உள்ளங்கையை நீட்டினார்.

"திரும்பவுமா சார்? கடிச்ச தடம் பாருங்க, என் பல்லுதான். ஒரே ஒரு கையெழுத்துன்னு சொல்லி நீங்க வாங்கிச் சொருகிட்டுப் போன மறுநாள்தானே நாங்க இங்க பேனாவுக்கு நூல் கட்டவே ஆரம்பிச்சோம்!"