ஒரே ஒருமுறை தென்பட்ட ஆடுகள்

மெலாந்தா தீவின் மாண்புமிகு சபை, நாணயச் சாலை அதிகாரி லூகோன் பதவியிலிருந்து இறங்கும் நாளில், வழக்கம்போல அவனிடம் கணக்குக் கேட்டது. லூகோனும் வழக்கம்போலச் சொன்னான். சுரங்கத்திலிருந்து இவ்வளவு வெள்ளி வந்தது, இவ்வளவு காசு அடித்தோம், ஊர் வழக்கப்படி குடிமக்களுக்குப் பங்கு பிரித்தோம், மிச்சம் இல்லை. பிசகே இல்லாத கணக்கு. அதுதான் சபைக்குச் சந்தேகமாக இருந்தது.

"காசு அடிச்சவனே இவ்வளவுதான் அடிச்சேன்னு சொன்னா, அதை எப்படிய்யா நம்புறது?" என்றார் சபைத் தலைவர் பெய்சியாஸ்.

"அடிச்சவனுக்குத்தானே ஐயா தெரியும்?"

"சம்பந்தமே இல்லாதவன் சொல்லணும். அதுக்குப் பேருதான் ஆய்வு."

அந்த வருஷம் ஊருக்கு ஊர் ஓர் அறிஞரை வைத்துக்கொள்வது நாகரிகமாக இருந்தது. எதிர்த் தீவில் காற்றின் எடையைச் சொல்ல ஒருவர் இருந்தார். எங்களிடம் ஒருவர்கூட இல்லை என்பது துறைமுகத்தில் தலைகாட்ட முடியாத அவமானம். ஆகவே திமாகோரஸ் வரவழைக்கப்பட்டார். தாடி இடுப்புவரை, காலில் செருப்பு இல்லை. இதற்கு மேல் தகுதியை எவன் கேட்பான்?

அவர் நாணயச் சாலைப் பக்கமே போகவில்லை. "அங்கே போனால் உண்மை கண்ணை உறுத்தும், ஆய்வு கெட்டுவிடும்" என்றார். நேரே சந்தைக்கு வந்து, காசு மாற்றும் என் மேசையிலிருந்து ஒரு கூடை வெள்ளியை அள்ளிக்கொண்டார். எப்போது திரும்பி வரும் என்று கேட்டேன். அறிவுக்கு அவசரம் ஆகாதாம். அந்தக் கூடையை இன்றுவரை நான் கண்ணால் பார்க்கவில்லை. அது தனி வழக்கு. அதைப் பேசினால் எனக்கு ரத்தம் கொதிக்கும், கதை நகராது.

எங்கள் காசில் ஓர் ஆட்டுத் தலை இருக்கும். ஆட்டைக் குழிவாகக் குடைந்த அச்சைப் பட்டடையில் பதித்து, மேலே வெள்ளி வில்லையை வைத்துச் சம்மட்டியால் ஒரு போடு போட்டால் காசு. மற்ற ஊர்களில் அச்சு உடைந்தால் மாற்றுவார்கள். எங்கள் ஊரில் மேற்பார்வையாளர் மாறினால் மாற்றுவார்கள். மாதம் ஒருவர் சீட்டுக் குலுக்கலில் வருவார். ஒருவருக்கு ஆட்டின் தாடி தன் தாடியைவிட நீளமாக இருந்தது பிடிக்கவில்லை. இன்னொருவரின் மாமியார், ஆடு தன்னையே முறைக்கிறது என்றாள். பெய்சியாஸ் தன் மாதத்தில், கம்பீரம் போதவில்லை என்று நாலு ஆட்டைத் தள்ளுபடி செய்தார். பத்துக் காசு அடிப்பதற்குள் புது அச்சு.

இந்தக் காசுகளைத்தான் திமாகோரஸ் வெயிலில் பரப்பி, ஆட்டுக்கு ஆடு ஒப்பிட்டார். பிறகு சபை கூடியது. ஊரே மேட்டில் ஏறி உட்கார்ந்தது.

"நான் பார்த்த ஆடுகளில் பெரும்பாலானவை ஒரே ஒருமுறைதான் தென்பட்டன" என்றார் அவர். "ஒருமுறை மட்டும் தென்படுவது எதைக் காட்டுகிறது? ஒருமுறைகூடத் தென்படாதவை ஏராளம் என்பதைக் காட்டுகிறது. நான் பார்க்காதவற்றை மிகக் கவனமாக எண்ணியிருக்கிறேன்."

கூட்டம் தலையாட்டியது.

"ஓர் அச்சில் இருபதாயிரம் காசு அடிக்கலாம். பார்த்த அச்சு, பார்க்காத அச்சு எல்லாவற்றையும் இருபதாயிரத்தால் பெருக்கினால், இந்த ஊர் அடித்த வெள்ளி மூவாயிரம் தாலந்து." ஒரு தாலந்து என்பது ஓர் ஆள் முதுகில் சுமக்கும் அளவு வெள்ளி.

லூகோன் எழுந்தான். "ஐயா, ஒவ்வொரு அச்சுலயும் பத்துப் பதினஞ்சுதான் அடிச்சோம். அதுக்குள்ள மாத்தச் சொல்லிட்டாங்க. அச்செல்லாம் உடையாம அப்படியே நாணயச் சாலையில கிடக்கு, வந்து பாருங்க."

"உடையவே இல்லையா?"

"இல்லை."

"அப்படியானால் இருபதாயிரத்துக்கு மேலேயே தாங்கியிருக்கும். கணக்கை நாலாயிரம் தாலந்தாகத் திருத்திக்கொள்கிறேன்."

"சுரங்கத்துல அவ்வளவு வெள்ளியே வரலையே, ஐயா."

"அது சுரங்கத்தின் குறை" என்றார் திமாகோரஸ்.

என் பக்கத்தில் மீன்காரன் சிமோஸ் உட்கார்ந்திருந்தான். "அண்ணே, நாலாயிரமும் லூகோன் வீட்லதான் இருக்கும். வீட்டை ஏலம் போட்டு, அவனைப் படகுல ஏத்தி நாடு கடத்திட்டு, நமக்குப் பங்கு போடுவாங்க" என்றான்.

"அவன் வீட்டுல நாலு ஆடுகூட இல்லையேடா."

"கணக்குல இருக்குல்ல? கையைத் தூக்குங்கண்ணே."

எல்லாரும் கை தூக்கினோம். நாலாயிரம் தாலந்து ஏகமனதாக உண்மையாக்கப்பட்டது. லூகோனின் மனைவி மேட்டின் ஓரத்தில் அப்போதே பாத்திரங்களை மூட்டை கட்டிக்கொண்டு நின்றாள்.

லூகோன் ஒருதரம் அவளைப் பார்த்தான். பிறகு பெய்சியாஸைப் பார்த்தான்.

"தலைவரே, இது சபைத் தீர்மானம்தானே? நாளைக்கு மாத்த மாட்டீங்களே?"

"சபை பேச்சு மாறாது."

"அப்ப சரி. நாலாயிரமும் அடிச்சேன். ஒத்துக்கிறேன்."

கூட்டம் ஆரவாரித்தது.

"அடிச்சதை என்ன பண்ணணும்னு ஊர் வழக்கம்? பங்கு பிரிக்கணும். பிரிச்சேன். நீங்கதான் வரிசையில நின்னு வாங்குனீங்க."

"மூணு நாள் மீனுக்குக் காணல, அதுக்குப் பேரு பங்கா?" என்று கத்தினான் சிமோஸ்.

"அது உன் ஞாபகம். இது ஆய்வு. பங்கு குடிமகனுக்குத்தான் உண்டு, வெளியூர்க்காரனுக்குக் கிடையாது. தனக்கு முழுப் பங்கு வரலைன்னு சொல்றவன் எழுந்து, நான் இந்த ஊர்க் குடிமகன் இல்லைன்னு சத்தியம் பண்ணட்டும். ஓட்டும் நிலமும் அவனுக்கு வேண்டாம்னு எழுதிக்கிறேன்."

யாரும் எழவில்லை. சிமோஸ் தன் கால் விரல்களை ஆராய்ந்துகொண்டிருந்தான்.

திமாகோரஸ் மணலில் வகுத்தார். ஆளுக்கு ஆறு தாலந்து வந்தது. பெய்சியாஸின் முகம் வெளுத்தது. ஊர்ச் சட்டம் அவருக்குத்தான் மனப்பாடம்.

"மூணு தாலந்துக்கு மேல வச்சிருக்கிறவன்..." என்று இழுத்தார்.

"முழுசாச் சொல்லுங்க" என்றான் லூகோன்.

"தன் செலவுல ஒரு போர்க்கப்பல் கட்டி, ஆள் போட்டு, ஊருக்காக ஓட்டணும்."

அன்று மாலைக்குள் மெலாந்தாவின் குடிமக்கள் அனைவரும் கப்பல் முதலாளிகளாகப் பதிவு செய்யப்பட்டார்கள். குருட்டுப் பாடகனுக்கு ஒன்று, செருப்புத் தைப்பவனுக்கு ஒன்று. தீவில் அத்தனை மரம் கிடையாது. அதை யாரோ சொன்னதற்கு, பார்க்காத மரங்களை எண்ணித் தருவதாகத் திமாகோரஸ் முன்வந்தார். அவர் கூலி கேட்டபோது, ஒரே ஒருமுறை தென்பட்ட ஆட்டுக் காசு ஒன்றைக் கையில் வைத்து, "இதுக்குப் பின்னால இருபதாயிரம் இருக்கு ஐயா" என்று வணங்கி அனுப்பினோம்.

லூகோன் வீட்டில் பாத்திரங்கள் மறுபடி அடுப்படிக்குப் போயின.

ஒரு மாதத்தில் பாதி ஊர் வலையையும் கழுதையையும் விற்றுப் பாய்மரத் துணி வாங்கியிருந்தது. தாங்க முடியாமல் சபை மறுபடி கூடியது. பெய்சியாஸ் தொண்டையைச் செருமிக்கொண்டார். "சட்டப்படி ஒரே வழிதான். கணக்குத் தப்பு, என்கிட்ட ஆறு தாலந்து இல்லை, நான் ஏழைன்னு சொல்றவங்க கையைத் தூக்கலாம். பாதிப் பேர் தூக்கினாப் போதும், தீர்மானம் ரத்து."

ஒவ்வொருவனும் பக்கத்து ஆளின் கையைப் பார்த்தான். செருப்புத் தைப்பவன் தோளை நிமிர்த்திக்கொண்டான். குருட்டுப் பாடகன்கூட யாராவது தூக்கினார்களா என்று மெல்லக் கேட்டுவிட்டுக் கையை மடக்கிக்கொண்டான்.

எனக்குக் கை துறுதுறுத்தது. மேசையையே விற்றாயிற்று. ஆனால் பக்கத்தில் சிமோஸ் மார்பின் குறுக்கே கைகட்டி, கடலைப் பார்த்துக்கொண்டு அசையாமல் நின்றான். மீன்காரனே பணக்காரனாக இருக்கிற ஊரில் நான் மட்டும் ஏழையா?

நானும் கையைக் கட்டிக்கொண்டேன்.